4 வயது மகளுக்குச் சாங்-அ வேடம்: உடுப்பு வாங்கியாச்சு, கதைதான் நகரவில்லை

#1 | செங்காங் அம்மா | ஞாயிறு இரவு 10:12

வணக்கம். இங்கே நிறையப் பேர் சின்னப் பிள்ளைகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் என்பதால் கேட்கிறேன்.

என் மகளுக்கு 4 வயது முடிந்துவிட்டது. எதிர்வீட்டுச் சீனப் பாட்டியின் பேத்தியும் இவளும் ஒரே பாலர் பள்ளி. இரண்டு வாரமாக அங்கே சீனர்களின் நிலா விழாவான மூன்கேக் திருவிழாப் பாட்டும் காகித விளக்கு ஒட்டுவதுமாக இருக்கிறார்கள். நிலாவில் வாழும் சீனத் தேவதை சாங்-அ கதையைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து "நான் சாங்-அ ஆகணும்" என்று ஒரே பிடிவாதம். சரி, பிள்ளை ஆசைப்படுகிறதே என்று ஆன்லைனில் 38 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து, தரை வரைக்கும் தொங்கும் ரோஸ் நிற உடுப்பு, தலையில் செருகத் தங்கப் பூ எல்லாம் வரவழைத்தேன்.

போட்டாள். சோபாமேல் ஏறி நின்றாள். நான் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். பத்தாவது நிமிடம் கழுத்து அரிக்கிறது என்று பாதி கழற்றியபடியே "அம்மா, இப்போ என்ன பண்றது?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. கதையைப் புத்தகம் பார்த்துப் படித்துக் காட்டினேன். கேட்டாள், ஆனால் எழுந்து விளையாடவில்லை.

இரண்டு கேள்வி. இந்தக் கதைகளை வேடம் போட்டு விளையாட்டாக்குவது எப்படி? நாம் சீன உடுப்புப் போட்டு விளையாடினால் அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? வீட்டுக்காரர் "வம்பு, விட்டுடு" என்கிறார்.

#2 | கிளமெண்டி ராஜ் | ஞாயிறு இரவு 10:20

யூடியூபில் கார்ட்டூனாகவே கிடைக்கிறதே. போட்டுவிட்டு நிம்மதியாக உட்காருங்கள்.

#3 | மணல்தொட்டி டீச்சர் | ஞாயிறு இரவு 11:05

ராஜ் தம்பி, உங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை என்று நினைக்கிறேன்.

செங்காங் அம்மா, 11 வருடமாகப் பாலர் பள்ளியில் இருக்கிறேன். உங்கள் மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. சாங்-அவுக்கு அந்தக் கதையில் என்ன வேலை? சாகாமருந்தைக் குடிக்கிறாள், மிதந்து போகிறாள், நிலாவில் உட்கார்ந்து கீழே பார்த்து ஏங்குகிறாள். பெரியவர்களுக்கு அது கவிதை. 4 வயதுக்கு அதில் கைகால் ஆட்ட இடமில்லை. உடுப்பைப் போட்டதும் வேடம் முடிந்துவிட்டது, அதனால்தான் கழற்றிவிட்டாள்.

நான் வகுப்பில் முயலிலிருந்து தொடங்குவேன். சாங்-அவோடு நிலாவில் ஒரு முயல் இருக்கிறது, உரலில் மருந்து இடித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு வேலை இருக்கிறது, ஓசை இருக்கிறது, கையில் பிடிக்க உலக்கை இருக்கிறது. ஒரு துண்டை நெற்றியில் கட்டி இரண்டு காகிதக் காது செருகினால் போதும். வீட்டில் இஞ்சி பூண்டு தட்டும் சின்னக் கல்லுரல் இருந்தால் கொடுங்கள். மரத்தில் இருந்தால் இன்னும் நல்லது, கால்விரல் தப்பும்.

அடுத்தது சாங்-அவின் கணவன் ஹோ யீ. ஒரு காலத்தில் பத்துச் சூரியன்கள் இருந்தன. முறை வைத்து ஒவ்வொன்றாக வரவேண்டியவை ஒருநாள் எல்லாம் சேர்ந்து கிளம்பிவிட்டன. பயிர் கருகியது, ஆறு வற்றியது. ஹோ யீ வில்லெடுத்து ஒன்பதை வீழ்த்தினான். நான் என்ன செய்வேன் என்றால், காகிதத் தட்டு பத்துக்கு மஞ்சள் பூசித் துணி காயப்போடும் கம்பில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவேன். வில் அம்பெல்லாம் தருவதில்லை, கண் போய்விடும். சுருட்டிய காலுறைதான் அம்பு. எறிய எறியத் தட்டு விழும். எல்லாரும் சேர்ந்து எண்ணுவோம்.

ஒன்று சொல்கிறேன், கவனியுங்கள். பத்தாவதையும் அடிப்பார்கள். ஒன்பதோடு நிறுத்திய வகுப்பை நான் இதுவரை பார்க்கவில்லை. பத்தும் விழுந்ததும் நான் விளக்கை அணைத்துவிட்டு, ஏர்கானைக் கொஞ்சம் கூட்டிவைத்து, பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். அரை நிமிடம் சத்தமே இருக்காது. அப்புறம் ஒரு பிள்ளை எழுந்து இருட்டில் தடவித் தடவி ஒரு தட்டை எடுத்து மறுபடி மாட்டும். போன வருடம் அதைச் செய்தது வகுப்பில் அதுவரை வாயே திறக்காத ஒரு பையன். "ஒன்று வேணும் டீச்சர்" என்றான்.

அந்த ரோஸ் உடுப்பு இப்போதைக்கு அலமாரியில் இருக்கட்டும்.

#4 | செங்காங் அம்மா | திங்கள் இரவு 9:31

டீச்சர், இன்றைக்கே செய்து பார்த்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முயல் ஆனாள். ஊரிலிருந்து மாமியார் கொண்டுவந்த மரத்து மத்துதான் உலக்கை, எவர்சில்வர் டபராதான் உரல். அரைமணி நேரம் இடித்தாள். என்ன இடிக்கிறாய் என்றால் "மருந்து" என்றாள். யாருக்கு என்றால் "சாங்-அவுக்குக் காய்ச்சல்" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "நிலாவில் முயலா? அங்கே பாட்டி வடை சுட்டுக்கிட்டு இருக்கா, உனக்குத் தெரியாதா?" என்றார். மகள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு மருந்தைக் கீழே கொட்டிவிட்டு உளுந்து கேட்டாள். இப்போது முயல் பாட்டிக்கு மாவு இடிக்கிறது, சாங்-அ வடை வாங்க வரிசையில் நிற்கிறாள். மாமியார் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் இது சீனக் கதையே இல்லையே? இப்படிக் கலந்துவிடலாமா?

#5 | பழைய பேப்பர் | திங்கள் இரவு 11:48

கலக்கக் கூடாது என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்.

கதை அவர்களுடையது. நாளை எதிர்வீட்டுப் பேத்தி உங்கள் வீட்டுக்கு வந்து, கண்ணகியின் சிலம்பை யாரோ தள்ளுபடி விலையில் வாங்கியதாக விளையாடினால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் உள்ளே ஒரு முள் குத்தும். முதலில் உள்ளபடி சொல்லுங்கள். அந்த முயல் இடிப்பது மருந்து. இதே முயல் ஜப்பானுக்குப் போனால் மோச்சிப் பலகாரத்துக்காக அவித்த அரிசியை இடிக்கும். ஊருக்கு ஊர் அந்த உரலில் இருப்பது வேறு. அந்த வேறுபாடுதான் ருசி, அதைக் கரைத்துவிட்டால் எல்லாம் ஒரே சாம்பார்.

இன்னொன்று. நிலாவில் முயலைப் பார்த்தது சீனர்கள் மட்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். வடமொழியில் நிலாவுக்குச் சசி என்று பெயர், முயலை உடையது என்று பொருள். நம் பழைய பாட்டுகளிலும் மதியின் மறுவை முயல் என்றுதான் சொல்வார்கள். வடை சுடும் பாட்டி வந்தது எப்போதோ. ஆகவே உங்கள் மாமியாரிடம் பணிவாகச் சொல்லுங்கள், முயல் அவருக்கு அந்நியமில்லை.

#6 | ஈப்போ மருமகள் | செவ்வாய் காலை 7:15

பேப்பர் அண்ணே, நான் சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு 14 வருடம் ஆகிறது. "உள்ளபடி" என்கிறீர்களே, எந்த உள்ளபடி? என் மாமியார் கேண்டனீஸ். அவர் சொல்லும் கதையில் ஹோ யீயின் கெட்ட சீடன் ஒருவன் மருந்தைத் திருட வருகிறான், அவன் கையில் சிக்கக் கூடாது என்றுதான் சாங்-அ குடிக்கிறாள். மாமனார் சொல்லும் கதையில் அவளே திருடிக் குடித்துவிட்டு ஓடிப்போகிறாள். இரண்டு பேரும் ஒவ்வொரு வருடமும் மூன்கேக் வெட்டும்போது இதற்குச் சண்டை போடுவார்கள். வழக்கம்போல மாமியார்தான் ஜெயிப்பார்.

கதை எப்படியும் போகட்டும். ஆனால் உடுப்பு விஷயத்தில் மூன்று தப்புகளை நானே செய்து மாட்டிக்கொண்டேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, மடிப்பு. அந்தப் பழங்கால நீள உடுப்புக்கு, ஹான்ஃபூவுக்கு, மார்பில் குறுக்காக மடித்துக் கட்டும் கழுத்து இருக்கும். போட்டவரின் இடப்பக்கத் துணி மேலே வரவேண்டும், வலப்பக்கம் உள்ளே. எதிரில் நின்று பார்த்தால் ஆங்கிலச் சின்ன ஒய் மாதிரித் தெரியும். மாற்றிக் கட்டினால் அது இறந்தவருக்கு உடுத்துகிற முறை. என் பெரியவளுக்கு 5 வயதில் நான் மாற்றிக் கட்டி, சீனப் புத்தாண்டு விருந்துக்குக் கூட்டிப்போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அவிழ்த்துத் திருப்பிக் கட்டி வெளியே அனுப்பினார். நான் கேட்ட பிறகுதான் காரணம் சொன்னார்.

இரண்டாவது, பச்சைத் தொப்பி. பிறந்தநாளுக்கு என் கணவர் ஜேட் ராஜா, மேலோகத்துச் சக்கரவர்த்தி. ஜேட் என்றால் பச்சைதானே என்று அட்டையில் அழகாகப் பச்சைக் கிரீடம் செய்து தலையில் வைத்தேன். அவருடைய அண்ணன்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பச்சைத் தொப்பி போட்ட ஆண் என்றால் பெண்டாட்டி வேறு ஒருவனோடு போகிறாள் என்று அர்த்தமாம். இன்று வரைக்கும் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் யாராவது ஒருவர் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மூன்றாவது முழு வெள்ளை. அது நமக்கே தெரிந்த விஷயம்தான், துக்கத்துக்கு உரியது. நிலா என்றதும் வெள்ளைத் துணியைச் சுற்றிவிடாதீர்கள்.

அப்புறம், சியோங்சாம் போட்டு சாங்-அ என்று விற்கிறார்கள். அது 1920களில் ஷாங்காயில் பிரபலமான உடுப்பு. சாங்-அ கதைக்கு 2,000 வருடத்துக்கு மேல் வயது. கண்ணகிக்குச் சுடிதார் போட்ட மாதிரி. பிள்ளை விளையாட ஒன்றும் குற்றமில்லை, நமக்குத் தெரிந்திருக்கட்டும்.

#7 | செங்காங் அம்மா | செவ்வாய் காலை 8:02

ஐயோ. இப்போதுதான் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். மாற்றித்தான் கட்டியிருக்கிறேன்.

#8 | தோ பாயோ தம்பி | செவ்வாய் காலை 8:10

அக்கா, போனின் முன்கேமராவில் எடுத்தீர்களா? அதில் இடம் வலமாகத் தெரியும். பயப்படாதீர்கள்.

#9 | செங்காங் அம்மா | செவ்வாய் காலை 8:26

இல்லை தம்பி, பின்கேமராதான். இன்னொன்றும் இப்போது புரிகிறது. அன்றைக்கு அரிக்கிறது என்று கழற்றும் முன்னால் எதிர்வீட்டுப் பாட்டியிடம் காட்ட வேண்டும் என்று ஓடினாள். லிப்ட் வாசலில் பாட்டி குனிந்து கழுத்துத் துணியைப் பிரித்துச் சரிசெய்தார். பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் இறுக்கிக் கட்டுகிறார் என்று நினைத்தேன். "தேங்க்யூ ஆன்ட்டி" என்று வேறு சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர்.

#10 | தோ பாயோ தம்பி | செவ்வாய் மதியம் 1:40

எங்கள் வீட்டில் இரண்டு பையன்கள், 6 வயது, 4 வயது. இங்கே நிலா, முயல், ஏக்கம் எதுவும் எடுபடாது. குரங்கு ராஜா சுன் வூகோங்தான். கல்லிலிருந்து பிறந்தவன், 72 உருவம் எடுப்பவன், மேகத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டால், லி என்கிற சீனத் தூரக்கணக்கில் 108,000 லி போகிறவன். என் பையன்கள் சோபாவிலிருந்து மெத்தைக்குப் போகிறார்கள். அப்பாவின் பழைய வெள்ளை வேட்டித் துணிதான் மேகம். ஈப்போ அக்கா, மேகம் வெள்ளையாக இருக்கலாம் இல்லையா?

வேடம் என்று பார்த்தால் மூன்று சாமான்தான். கிறிஸ்மஸ் ஜரிகையைத் தலையைச் சுற்றிக் கட்டினால் தங்க வளையம், என் பெல்ட்டைப் பின்னால் தொங்கவிட்டால் வால், துடைப்பக் கழி ஆயுதம். கழியில்தான் வினை. கதைப்படி அந்தத் தடி கிழக்குக் கடல் நாகராஜனிடமிருந்து வாங்கியது, 13,500 காத்தி எடை. ஈரச்சந்தையில் காய் நிறுத்த அந்தப் பழைய காத்திக் கணக்கில் 8 டன் வரும். அதை ஊசி அளவுக்குச் சுருக்கிக் காதுக்குள் வைத்துக்கொள்வான். சொல்லி முடித்து நான் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சின்னவன் பல்குத்தும் குச்சியைக் காதுப் பக்கம் கொண்டுபோகிறான். எனக்கு உயிரே போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு வூகோங் தடியைக் காதுக்குப் பின்னால் செருகுகிறான், தச்சர் பென்சில் வைக்கிற மாதிரி. அதுவும் ஐஸ்கிரீம் குச்சிதான். இந்தக் கதை சொல்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்.

கழிக்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். 8 டன் தடி என்றால் தூக்குவது கஷ்டம் இல்லையா? "எவன் மெதுவாகத் தூக்குகிறானோ அவன்தான் நிஜ வூகோங்" என்றேன். இப்போது இரண்டு பேரும் செய்தித்தாளைச் சுருட்டிய குழாயைப் பல்லைக் கடித்து, முக்கி முனகித் தூக்குகிறார்கள். வீசுவதில்லை. விளக்குகள் பிழைத்தன.

தங்க வளையம் பெரிய உபகாரம். கதையில் குருநாதர் மந்திரம் சொன்னால் வளையம் இறுகி வூகோங்குக்குத் தலை வெடிக்கும். நான் சாப்பாட்டு நேரத்தில் முணுமுணுக்க ஆரம்பித்தால் போதும்.

#11 | மணல்தொட்டி டீச்சர் | செவ்வாய் மாலை 4:55

தம்பி, கடைசி வரி மட்டும் வேண்டாம். விளையாட்டுக்குள் மந்திரம் சொல்லுங்கள், சோற்றுக்குச் சொல்லாதீர்கள். ஒருமுறை அதைத் தண்டனையாக்கிவிட்டால் ஜரிகை கட்டவே வரமாட்டான். குருநாதர் வேடத்தைச் சின்னவனுக்குக் கொடுங்கள். வீட்டில் எப்போதும் அடி வாங்குகிற தம்பி, அண்ணனை மந்திரத்தால் உருட்டட்டும்.

#12 | தோ பாயோ தம்பி | செவ்வாய் இரவு 9:58

கொடுத்தேன் டீச்சர். பெரியவன் தரையில் உருண்டு அழுகிற நடிப்பைப் பார்த்துச் சின்னவன் பயந்துபோய், "சரி சரி, மந்திரம் வாபஸ்" என்று தலையைத் தடவிவிட்டான். இப்படி ஒன்றை இந்த வீட்டில் நான் பார்த்ததில்லை.

#13 | பழைய பேப்பர் | புதன் காலை 6:30

குரங்கு பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பிள்ளைகள் உடனே கேட்பார்கள், இது அனுமார்தானே என்று. சீன அறிஞர்களே 1920களில் இதற்கு மோதிக்கொண்டார்கள். ஹூ ஷீ, அனுமாரின் சாயல்தான் என்றார். லூ சுன் ஒத்துக்கொள்ளவில்லை, சீனத்துப் பழைய நீர்க்குரங்கு ஒன்றைக் காட்டினார். ஆகவே பிள்ளையிடம் "ஆமாம், நம்ம அனுமார்தான்" என்று பட்டா போட்டுக்கொள்ளாதீர்கள். எது ஒத்துப்போகிறது, எது போகவில்லை என்று பிள்ளையையே கேளுங்கள். என் பேரன் கண்டுபிடித்தது: "அனுமார் யார் சொன்னாலும் கேட்பார், இவன் கேட்கமாட்டான்."

ஆனால் நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ள நிஜமாகவே ஒன்று இருக்கிறது. குரங்கு கூடவே போகிற அந்தக் குருநாதர் கற்பனை ஆள் இல்லை. நாம் பள்ளியில் படித்த யுவான் சுவாங்தான். 629இல் கிளம்பி, 645இல் 657 சுவடிகளோடு வீடு திரும்பியவர். நடுவில், 640 வாக்கில், பல்லவர் காலத்துக் காஞ்சிபுரத்துக்கு வந்திருக்கிறார். அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேறும் எண்ணம் இருந்தது. இலங்கையில் பஞ்சமும் குழப்பமும் என்று கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார். குரங்கு ராஜா வரும் 'மேற்கு நோக்கிய பயணம்' நாவல் வந்தது அதற்கு 900 வருடம் கழித்து, 16ஆம் நூற்றாண்டில்.

பேரனோடு இதை விளையாடினோம். நான் காஞ்சிபுரம். ஒரு பட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவன் முதுகில் கூடை கட்டி வீடு முழுக்க நடந்து வருவான். "கப்பல் உண்டா?" என்பான். "இல்லை, அங்கே சோறில்லையாம்" என்பேன். திரும்பிவிடுவான். மறுபடி வருவான். ஒருநாள் மாலையில் 17 தடவை வந்தான். எனக்கு நகர வேண்டிய அவசியமே இல்லாத ஒரே விளையாட்டு இதுதான்.

வாரக்கடைசியில் ஹாவ் பார் வில்லாவுக்குக் கூட்டிப்போங்கள். டைகர் பாம் தைலம் விற்ற ஓ பூன் ஹாவ் 1937இல் கட்டியது. குரங்கு, அவனோடு போகும் பன்றி, குருநாதர் எல்லாம் ஆளுயரச் சிமெண்டுச் சிலைகளாக நிற்கும். நரகத்துப் பத்து நீதிமன்றங்கள் பகுதியை மட்டும் சின்னதுகளுக்குக் காட்டிவிடாதீர்கள். நான் காட்டினேன். ஒரு வாரம் யாரும் தூங்கவில்லை.

#14 | கிளமெண்டி ராஜ் | புதன் காலை 9:12

பல்லவர் கதை எனக்குத் தெரியாது. நல்லா இருக்கு.

#15 | செங்காங் அம்மா | புதன் இரவு 10:20

என் இரண்டாவது கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லையே. நாம் அந்த உடுப்பைப் போடலாமா?

#16 | பழைய பேப்பர் | புதன் இரவு 10:41

ஜூலை 21, இன நல்லிணக்க நாளில் நம் பள்ளிகளில் மற்ற இனத்தாரின் உடுப்பைப் போடுகிறார்களே, அதை வைத்துச் சொல்கிறேன். 1964 இனக் கலவரத்தை மறக்கக் கூடாது என்பதற்காக வந்த நாள். என் கண்ணுக்குத் தெரிவது: முந்தின நாள் கடையில் கூட்டம், மறுநாள் படம், மாலையில் மூட்டை. பேரனிடம் "நீ போட்டது என்ன?" என்றால் "சிவப்பு" என்கிறான். உடுப்புத் தடையில்லை. உடுப்போடு நின்றுவிடுவதுதான் எனக்குக் கசக்கிறது.

#17 | ஈப்போ மருமகள் | வியாழன் காலை 7:05

போடலாம், தாராளமாக. என் மாமியாருக்குத் தமிழ்ப் பிள்ளை ஹான்ஃபூ போட்டால் தலைகால் புரியாது. அவருக்குப் பிடிக்காதது வேறு. கண்ணை இழுத்துச் சாய்த்துக் காட்டுவது, முகத்தில் மஞ்சள் அப்புவது, பின்னல் தொங்கும் தொப்பி வைத்து "சிங் சாங்" என்று பேச்சு எழுப்புவது. கடைசியைப் பள்ளி மேடையில் ஒருமுறை நேரில் பார்த்தேன், பக்கத்தில் என் மகள். அவள் அப்பாவின் மொழி அது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வரை அவள் எதுவும் பேசவில்லை.

சாங்-அ ஆகலாம், குரங்காகலாம், முயலாகலாம். "சீனராக" வேடம் போடுவதுதான் இல்லை. கதையில் அப்படி ஒரு பாத்திரமே கிடையாதே.

#18 | மணல்தொட்டி டீச்சர் | வியாழன் மாலை 5:30

ஈப்போ சொன்னதை எங்கள் பள்ளிச் சுவரில் ஒட்டலாம்.

முகமூடி பற்றி ஒரு வார்த்தை. 3 வயதுக்குள் பிள்ளைகள் முகம் மறைந்தாலே மிரளும். அப்பாதான் என்று தெரிந்தும் அழும். அதனால் நான் முகமூடியை நெற்றிக்கு மேலே தொப்பி மாதிரி வைப்பேன், முகம் வெளியே தெரியும்.

பயம் காட்டும் கதைக்கு நியன் நல்ல உதாரணம். வருடக் கடைசி இரவில் ஊருக்குள் வரும் மிருகம். சிவப்பையும் நெருப்பையும் பெரிய சத்தத்தையும் கண்டால் ஓடிவிடும். வகுப்பில் யார் ரொம்பப் பயப்படுகிறார்களோ அவரைத்தான் முதலில் நியன் ஆக்குவேன். போர்வைக்குள் இருந்து உறுமும்போது பிள்ளைக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடுகிறது, உள்ளே இருப்பதும் ஒரு பிள்ளைதான். மற்றவர்கள் சிவப்புத் துண்டை ஆட்டுவார்கள், தட்டு தட்டுவார்கள். பட்டாசு 1972லேயே இங்கே தடை, அதனால் பார்சலில் வருகிற குமிழித்தாளைத் தரையில் விரித்து எல்லாரும் மிதிப்போம். பட்டாசு தோற்றுவிடும். வீட்டில் செய்வதானால் கீழ்மாடிக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

நியனை முடித்தால் சிங்கம் தானாக வரும். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, மேலே பெட்ஷீட். சீனப் புத்தாண்டுக்குப் பணம் வைத்துத் தருகிற, வருடா வருடம் சேர்கிற சிவப்பு அங் பாவ் உறைகளைப் பிரித்து ஒட்டினால் செதில். உண்மையான ஆட்டத்தில் சிங்கம் கீரைக்கட்டைக் கவ்வி மென்று கூட்டத்தின்மேல் துப்பும், அது செல்வம் வருவதற்கு அடையாளம். எங்கள் பிள்ளைகள் லெட்டுஸ் இலையைத் துப்புவதற்காகவே சிங்கமாகிறார்கள். கீரையை வாயில் வைக்காத ஒருத்தி பாதியை விழுங்கிவிட்டாள் என்று அவள் அம்மா நன்றி சொன்னார். பின்காலாக இருக்க மட்டும் யாரும் வரமாட்டார்கள். அந்த வேலை பெரும்பாலும் எனக்கு.

#19 | ஈப்போ மருமகள் | வெள்ளி காலை 7:40

நிறையப் பிள்ளைகள் கூடும் இடத்துக்கு 12 மிருகங்களின் ஓட்டப்பந்தயத்தைச் சிபாரிசு செய்கிறேன். ஜேட் ராஜா ஆற்றைக் கடக்கச் சொல்கிறார், வருகிற வரிசைப்படி ஒவ்வொரு மிருகத்துக்கும் சீன நாட்காட்டியில் ஒரு வருடம். எலி மாட்டின் முதுகில் ஏறிவந்து கடைசி நிமிடத்தில் குதித்து முதலிடம். பறக்கத் தெரிந்த டிராகன் ஐந்தாவதுதான், வழியில் மழை கொடுக்க நின்றுவிட்டது. பாம்பு குதிரையின் குளம்பில் சுற்றிக்கொண்டு வந்து திடீரென்று தலை நீட்ட, குதிரை மிரண்டு பின்வாங்குகிறது. பன்றி தின்று தூங்கிக் கடைசி. ஒவ்வொன்றுக்கும் ஓடுகிற விதமே வேடம், உடுப்பு தேவையில்லை. நீல பெட்ஷீட் ஆறு.

செங்காங் அம்மா, உங்கள் மகள் 2021இல் பிறந்தவள் என்றால் அநேகமாக மாடு. அந்த வருடம் பிப்ரவரி 12இல்தான் மாட்டு வருடம் தொடங்கியது, அதற்கு முன்னால் பிறந்திருந்தால் எலி.

பூனையை யாராவது கேட்பார்கள். எலி அதை எழுப்பாமல் விட்டுவிட்டது, அதனால்தான் இன்றைக்கும் துரத்துகிறது. எங்கள் வீட்டில் சின்னவள் தினமும் பூனையாகத்தான் இருப்பாள். 13ஆவது இடம் கொடுத்தே தீரவேண்டும் என்று ஜேட் ராஜாவிடம் கோர்ட் கேஸ் நடக்கிறது. ராஜாவுக்கு இப்போது மஞ்சள் கிரீடம்.

#20 | தோ பாயோ தம்பி | வெள்ளி மதியம் 12:50

நிலாவே வேண்டாம் என்றவன், வாபஸ். 2013இல் சீனா நிலாவில் இறக்கிய கலத்துக்குப் பெயர் சாங்-அ 3, அதிலிருந்து இறங்கி ஓடிய வண்டிக்குப் பெயர் ஜேட் முயல் என்று பெரியவனிடம் சொல்லித் தொலைத்தேன். 2019இல் இன்னொரு முயல் நிலாவின் மறுபக்கத்திலேயே இறங்கியிருக்கிறது. இப்போது ரைஸ் குக்கர் பெட்டிக்கு நான்கு சக்கரம், உள்ளே காது வைத்த ஒருவன், ஹாலில் நடக்க வழியில்லை.

#21 | செங்காங் அம்மா | மூன்கேக் திருவிழா மறுநாள் காலை 11:15

எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று இரவு புளோக் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பத்துப் பேர். மஞ்சள் தட்டு பத்தையும் தூணுக்குத் தூண் கட்டிய கயிற்றில் தொங்கவிட்டேன். காற்றில் ஏழு தானாகவே விழுந்துவிட்டன. ஹோ யீயாக நின்ற பையன் "நான் இன்னும் எறியவே இல்லை" என்று அழுதான். மறுபடி மாட்டினோம், மறுபடி விழுந்தன. டீச்சர், உங்கள் வகுப்பில் காற்றில்லை, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். கடைசியில் பிள்ளைகளே தட்டைப் பிடித்துக்கொண்டு சூரியன்களாக நின்றார்கள். காலுறை பட்டால் உட்கார வேண்டும். பத்தாவது சூரியனுக்கு ஆள் போதவில்லை. என் மகள் போய் எதிர்வீட்டுப் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

பாட்டி தட்டை வாங்கி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்பதும் உட்கார்ந்துவிட்டன. பையன் பத்தாவதுக்கும் கையை ஓங்கினான். பாட்டி மேண்டரினில் ஒரு வாக்கியம் சொன்னார். கையைக் கீழே போட்டுவிட்டான். என்ன சொன்னார் என்று பேத்தியைக் கேட்டேன். "நான் போனால் நாளைக்கு உனக்குக் காலை கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது, ஐஸ்கிரீம் மாமாவும் வரமாட்டார்" என்றாராம்.

அப்புறம் பாட்டி மேலே போய்ப் பம்ப்ளிமாஸ் பழம் இரண்டு கொண்டுவந்தார். தோலை அடியில் நான்கு கீறல் கீறி, உடையாமல் முழுசாக உரித்தெடுத்து, பூ விரிந்த மாதிரி என் மகள் தலையில் கவிழ்த்தார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூன்கேக் இரவில் எல்லாப் பிள்ளைகளும் இந்தத் தொப்பி போட்டுத்தான் விளக்கு தூக்குவார்களாம். மேலேயிருந்து பார்க்கிற சாங்-அவுக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே. வந்ததில் பெரிய பழம் என்பதால் எனக்கும் ஒன்று கிடைத்தது. தலைமுடி இன்னும் மணக்கிறது, கொஞ்சம் பிசுபிசுக்கவும் செய்கிறது.

மாமியாரும் கீழே வந்திருந்தார். இரண்டு பாட்டிகளுக்கும் பொதுமொழி கிடையாது. இவர் நிலாவைக் காட்டி வடை தட்டுகிற மாதிரிக் கையை ஆட்டினார். அவர் உலக்கை இடிக்கிற மாதிரி ஆட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே போய்க்கொண்டிருந்தது. பேப்பர் ஐயா, நான் குறுக்கே போகவில்லை.

மகள் பிப்ரவரி 20. மாடுதான். அந்த 38 வெள்ளி உடுப்பை அவளே அலமாரியிலிருந்து இழுத்து வந்து முதுகில் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுப் பேத்தியை எலியாக ஏற்றிக்கொண்டு, காலையிலிருந்து நான்கு காலில் ஹாலைக் கடக்கிறாள். எலிக்கு வழுக்குகிறதாம், பட்டுத்துணி.

#22 | தோ பாயோ தம்பி | அன்றே காலை 11:21

அக்கா, மாடு ஓய்ந்ததும் அந்த உடுப்பை இங்கே அனுப்புங்கள். எங்கள் பன்றிக்கு வயிற்றில் அடைக்கத் துணி பத்தவில்லை.